கதவும் நாற்காலியும்

1896ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒரு கூடைப்பந்தாட்டம் நடந்தது. ஸ்டான்ஃபோர்டு, பெர்க்லி என்ற இரண்டு பல்கலைக்கழகங்களின் மாணவிகள் மோதினார்கள். இரண்டு கல்லூரிகளின் பெண்கள் அணிகள் எதிரெதிராக ஆடிய முதல் கூடைப்பந்தாட்டம் என்று வரலாற்றில் அது குறிக்கப்படுகிறது. ஸ்டான்ஃபோர்டு 2-1 என்ற கணக்கில் வென்றது. பார்க்க வந்த நூற்றுக்கணக்கானவர்களும் பெண்களே. ஆண்களுக்கு அனுமதி கிடையாது. வியர்க்க விறுவிறுக்க ஓடி ஆடும் பெண்களை அந்நிய ஆண்கள் பார்க்கலாகாது என்பது அக்காலத்து ஒழுக்கம். ஆனால் செய்தி வேண்டுமே? நாளிதழ்கள் பெண் செய்தியாளர்களை அனுப்பின.

கூடைப்பந்து அப்போது ஐந்து வயதுகூட நிறையாத விளையாட்டு. 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் அதை உருவாக்கினார். சில மாதங்களிலேயே அருகிலிருந்த ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை அதைத் தன் மாணவிகளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார். அங்கே 1893இல் நடந்த முதல் ஆட்டத்திலும் ஆண்களுக்கு அனுமதி இல்லை. இந்த விளையாட்டில் பெண்கள் பிறகு வந்து சேர்ந்தவர்கள் அல்லர். தொடக்கத்திலிருந்தே இருந்தவர்கள். ஆடினார்கள், பார்த்தார்கள், எழுதினார்கள்.

சான் பிரான்சிஸ்கோவில் அன்று குறிப்பேட்டுடன் உட்கார்ந்திருந்த பெண்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. அவர்களுக்கு அந்த வேலை கிடைத்தது விளையாட்டு எழுத்தில் அவர்கள் தேர்ந்தவர்கள் என்று யாரோ கண்டுகொண்டதால் அல்ல. ஆண்களுக்குக் கதவு சாத்தியிருந்ததால். எண்பது ஆண்டு கழித்து அதே கதவு பெண்கள் முகத்துக்கு எதிரே சாத்தப்பட்டது. அந்தக் கதவைத் திறந்த கதையைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். திறந்த பிறகு உள்ளே எத்தனை நாற்காலி போடப்பட்டது, யார் உட்கார்ந்தார்கள், யார் எழுந்து போனார்கள் என்பதையே இங்கே பார்க்க விரும்புகிறேன்.

போர் தந்த வேலை

1944இல் வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலம் நகரில் ஒரு நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தைக் கவனிக்க ஆள் இல்லாமல் போனது. ஆண்கள் இரண்டாம் உலகப் போருக்குப் போயிருந்தார்கள். அதே பத்திரிகையில் கல்யாணம், விருந்து, யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்ற ‘சமூகப் பக்க’த்தைப் பார்த்துவந்த மேரி கார்பரிடம் அந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. போர் முடிந்ததும் அவரைப் பொதுச் செய்திக்கு மாற்றினார்கள். 1946இல் மீண்டும் விளையாட்டுக்கு வந்தார். அதன் பிறகு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கேயே இருந்தார்.

வேலை கிடைத்தது, வேலை செய்யும் இடம் கிடைக்கவில்லை. பத்திரிகையாளர் மாடத்தில் பெண்ணுக்கு இடமில்லை என்று அவரைப் பயிற்சியாளர்களின் மனைவியர் அமரும் வரிசையில் உட்காரவைத்தார்கள். ஆட்டம் முடிந்ததும் மற்ற செய்தியாளர்கள் வீரர்களின் உடைமாற்றும் அறைக்குள் போய்விடுவார்கள். கார்பர் வெளியே நிற்பார், வீரர்கள் குளித்து உடுத்தி வெளியே வரும்வரை. வட்டாரத்தின் விளையாட்டு எழுத்தாளர் சங்கங்கள் தொடக்கத்தில் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பின்னாளில் அவற்றுக்கு அவரே தலைவராகவும் இருந்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெள்ளையர், கறுப்பர் என்று பள்ளிகள் பிரிந்திருந்த காலம் அது. கறுப்பின மாணவர்களின் ஆட்டங்களுக்கு வெள்ளையர் பத்திரிகைகள் பெரும்பாலும் ஆள் அனுப்புவதில்லை. கார்பர் போனார். கறுப்பின மாணவர்களுக்கான வின்ஸ்டன்-சேலம் கல்லூரியின் கூடைப்பந்து அணியைப் பற்றியும், அதன் புகழ்பெற்ற பயிற்சியாளர் கிளாரன்ஸ் கெய்ன்ஸைப் பற்றியும் எழுதினார். தன்னை மனைவியர் வரிசையில் உட்காரவைத்த ஊரில், எந்த வரிசையிலும் இடம் தரப்படாத பிள்ளைகளின் பெயர்களைப் பக்கத்தில் ஏற்றினார். அமெரிக்க விளையாட்டுப் பத்திரிகை ஆசிரியர்களின் சங்கம் ரெட் ஸ்மித் விருதை அவருக்குத் தந்தது 2005இல். அவ்விருதைப் பெற்ற முதல் பெண் அவர். வயது எண்பதைத் தாண்டியிருந்தது. மூன்றாண்டில் மறைந்தார்.

கார்பரின் கதையை விடாமுயற்சியின் கதையாகச் சொல்வது வழக்கம். எனக்கு அது ஒரு நியமனத்தின் கதையாகவும் தெரிகிறது. ஆண்கள் ஊரில் இல்லாததால் ஒரு பெண் எடுக்கப்பட்டார். அவர் அந்த வேலையைச் சிறப்பாகச் செய்தார் என்பதைக் கண்ணால் பார்த்த பிறகும், வேறு பத்திரிகைகளுக்கு இன்னொரு பெண்ணை எடுக்கலாம் என்று தோன்ற முப்பது ஆண்டுகள் ஆயின.

வழக்குகள் திறந்த கதவு

அந்த எண்ணமும் தானாகத் தோன்றவில்லை. வேலையில் பால் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் அமெரிக்காவில் 1964இல் வந்தது. அப்போது பெரிய செய்தி வார இதழ்களில் ஓர் எழுதாத விதி இருந்தது. தகவல் திரட்டுவதும் சரிபார்ப்பதும் பெண்கள், எழுதிப் பெயர் போட்டுக்கொள்வது ஆண்கள். 1970 மார்ச்சில் நியூஸ்வீக் இதழின் 46 பெண் ஊழியர்கள் தங்கள் நிர்வாகத்தின் மேல் பாகுபாட்டுப் புகார் கொடுத்தார்கள். 1974இல் நியூயார்க் டைம்ஸ் பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1978இல் அது சமரசத்தில் முடிந்தது. இதற்கிடையே 1972இல் வந்த டைட்டில் நைன் என்ற சட்டம், அரசு நிதி பெறும் கல்விக்கூடங்கள் பெண்களுக்குச் சமவாய்ப்புத் தர வேண்டும் என்றது. அதனால் மாணவிகளின் விளையாட்டும் வளர்ந்தது. விளையாட்டுப் பிரிவில் ஒரு பெண்கூட இல்லை என்பது பத்திரிகை முதலாளிகளுக்கு இப்போது சங்கடமான விஷயமானது. ராபின் ஹெர்மன், ஜேன் கிராஸ், லெஸ்லி விஸ்ஸர், மெலிசா லட்கி போன்ற இளம் பெண்கள் விளையாட்டுப் பக்கங்களுக்கு வந்து சேர்ந்தது இந்தப் பத்தாண்டில்தான். அவர்கள் ஒவ்வொருவரின் நியமனத்துக்குப் பின்னாலும், தங்கள் பெயர் எங்கும் அச்சாகாத பல பெண்களின் புகார்க் கடிதங்கள் இருந்தன.

உள்ளே வந்ததும் கதவுப் பிரச்சினை. உடைமாற்றும் அறை என்றதும் நமக்குக் கூச்சமாக இருக்கலாம். ஆனால் அமெரிக்க விளையாட்டுச் செய்தியில் அதுதான் அலுவலகம். ஆட்டம் முடிவது இரவில். அச்சுக்குப் போக இன்னும் சற்று நேரமே இருக்கும். அந்த நேரத்துக்குள் தோற்றவன் கோபமாகச் சொல்லும் ஒரு வாக்கியமும், வென்றவன் நண்பனிடம் அடிக்கும் ஒரு கேலியும் காதில் விழ வேண்டும். வெளியே நிற்கும் செய்தியாளருக்குக் கிடைப்பது ஆறிப்போன சோறு. ‘பெண்களுக்கு வீரர்களிடமிருந்து செய்தி வாங்கத் தெரியவில்லை’ என்று ஆசிரியர் சொல்வார். பெண்ணை அந்தப் பொறுப்பில் வைத்து என்ன பயன் என்ற கேள்வி அடுத்த வாரம் வரும். சாத்திய கதவு இப்படித்தான் ஒருத்தியின் திறமைக் குறைவாக மாறிவிடுகிறது.

1975 ஜனவரியில் மான்ட்ரியலில் நடந்த ஐஸ் ஹாக்கி ஆட்டத்தின் முடிவில் ராபின் ஹெர்மன் வீரர்களின் அறைக்குள் போனார். அதே ஆண்டில் நியூஸ்டே நாளிதழின் ஜேன் கிராஸ் தொழில்முறைக் கூடைப்பந்து அணியின் அறைக்குள் போனார். அப்படிப் போன முதல் பெண் செய்தியாளர் அவர் என்று கருதப்படுகிறது. கிராஸின் தந்தை மில்டன் கிராஸ் நியூயார்க்கில் பேர்பெற்ற விளையாட்டுப் பத்தியாளர். அப்பாவின் தொழிலுக்கு மகன் வருவது இயல்பு. மகள் வந்தது செய்தியானது.

கூடைப்பந்தில் கதவு ஓரளவு அமைதியாகத் திறந்தது. பேஸ்பால் விடவில்லை. 1977இல் உலகத் தொடர் இறுதிப் போட்டியின்போது, ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழின் மெலிசா லட்கியை அறைக்குள் விடக் கூடாது என்று பேஸ்பால் ஆணையர் போவி கூனின் அலுவலகம் சொன்னது. லட்கியும் அவருடைய நிறுவனமும் வழக்குப் போட்டார்கள். வழக்கு வந்துசேர்ந்தது நீதிபதி கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லியின் முன்னால். அமெரிக்காவின் முதல் கறுப்பினப் பெண் ஃபெடரல் நீதிபதி. ஒரு மனிதரைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு அதற்கு ஒழுக்கம், மரபு என்று பெயர் சூட்டுவதை வாழ்நாள் முழுக்க நீதிமன்றங்களில் எதிர்த்தவர். வீரர்களின் அந்தரங்கம் என்ற வாதம் அவரிடம் எடுபடவில்லை. தொலைக்காட்சிக் கேமரா உள்ளே போகிறதே, வீரர்கள் துண்டு கட்டிக்கொள்ளலாமே, திரை போட்டுக்கொள்ளலாமே என்ற எளிய கேள்விகள் இருந்தன. நியூயார்க்கின் யாங்கி மைதானம் மாநகராட்சியின் சொத்து. எனவே அங்கே பெண் செய்தியாளரை மட்டும் தடுப்பது அரசியலமைப்பு தரும் சமத்துவத்துக்கு எதிரானது என்று 1978 செப்டம்பரில் தீர்ப்பளித்தார்.

வரலாற்றுக் குறிப்புகள் பெரும்பாலும் இங்கே நின்றுவிடுகின்றன. கதவு திறந்தது, வெற்றி, முற்றும்.

திறந்தவர்கள் எங்கே போனார்கள்?

மெலிசா லட்கி சில ஆண்டுகளில் விளையாட்டை விட்டார். டைம் இதழில் குழந்தைகள், குடும்பங்கள் பற்றி எழுதினார். பிறகு பத்திரிகைத் தொழிலைப் பற்றிய ஓர் இதழுக்கு ஆசிரியரானார். ராபின் ஹெர்மன் மருத்துவச் செய்திக்கு மாறி, பின்பு ஹார்வர்டின் பொதுச் சுகாதாரப் பள்ளியில் பொறுப்பேற்றார். ஜேன் கிராஸ் 1978இல் நியூயார்க் டைம்ஸில் சேர்ந்தார். அங்கே விளையாட்டிலிருந்து பொதுச் செய்திக்கு நகர்ந்தார். முதியோர் பராமரிப்பைப் பற்றி, தன் தாயின் கடைசி ஆண்டுகளைப் பற்றி எழுதியதற்காகவே இன்று அதிகம் நினைவுகூரப்படுகிறார்.

அவரவர் வாழ்க்கை, அவரவர் தேர்வு. இவர்கள் பின்னாளில் செய்ததும் பெரிய வேலைகளே. ஆனாலும் மூன்று பெயர்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது மனம் நெருடுகிறது. கதவைத் திறந்தவர்கள் மூவரும் அறையில் நீண்ட நாள் தங்கவில்லை. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் போகும்போது அன்றைய செய்தியைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய நேரத்தில், இன்று உள்ளே விடுவார்களா என்று கவலைப்பட வேண்டியிருந்தால் எத்தனை ஆண்டு தாக்குப்பிடிக்க முடியும்?

தாக்குப்பிடிப்பதன் விலையை 1990 காட்டியது. பாஸ்டன் ஹெரால்டின் லிசா ஓல்சன் அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றின் உடைமாற்றும் அறையில், தன் வேலையைச் செய்துகொண்டிருந்தபோது வீரர்களின் பாலியல் சீண்டலுக்கு ஆளானார். விசாரணை நடந்தது, அபராதம் விதிக்கப்பட்டது. ஆனால் ரசிகர்களின் வசையும் மிரட்டலும் அவர் மேல்தான் விழுந்தன. அவர் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். ஆண் செய்தியாளர்கள் நல்ல சம்பளத்துக்காகப் பத்திரிகை மாறுவார்கள். அவர் கண்டம் மாறினார்.

தனித்தனியாகத் தாங்க முடியாததைச் சேர்ந்து தாங்குவதற்காகவே 1987இல் விளையாட்டு ஊடகப் பெண்கள் சங்கம் உருவானது. பயிற்சிப் பணிக்கு மாணவிகளை அனுப்புவது, வேலை காலியாகும்போது தகவல் சொல்வது, முன்னால் போனவர் பின்னால் வருபவரின் கையைப் பிடிப்பது ஆகியவை அதன் வேலை. ஆண்களுக்கு அப்படியொரு சங்கம் தேவைப்படவில்லை. விளையாட்டுப் பிரிவே அவர்களுக்கு அப்படித்தான் இயங்கியது.

தங்கியவர்களும் உண்டு. ஜாக்கி மெக்மல்லன் 1982இல் பாஸ்டன் குளோபுக்கு வந்தார். கல்லூரி அணியில் கூடைப்பந்து ஆடியவர். லாரி பேர்டின் காலத்து பாஸ்டன் செல்டிக்ஸ் அணியைத் தொடர்ந்து எழுதினார். ஓர் அணியை நிழல்போல் தொடர்வதைப் பத்திரிகை அலுவலகங்களில் ‘பீட்’ என்பார்கள். விமானம், விடுதி, பயிற்சி, ஆட்டம், மறுபடி விமானம். வீட்டில் ஒருவர் சமைத்துக் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புவார் என்ற நம்பிக்கையில் வகுக்கப்பட்ட வேலை அது. மெக்மல்லன் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டடுக்குப் போய், மீண்டும் குளோபுக்கு வந்து, பின்பு இஎஸ்பிஎன் தொலைக்காட்சிக்கு மாறினார். 2009இல் லாரி பேர்டுடனும் மேஜிக் ஜான்சனுடனும் சேர்ந்து அவர்களின் கதையை நூலாக்கினார். 2010இல் கூடைப்பந்து மாவீரர் மண்டபத்தின் கர்ட் கௌடி ஊடக விருதைப் பெற்ற முதல் பெண் ஆனார். முதல் பெண் நுழைந்து 35 ஆண்டுகள் கழித்து முதல் பெண்ணுக்கு விருது.

ஆடுகளத்தின் ஓரம்

தொலைக்காட்சி வந்த பிறகு கூடைப்பந்துச் செய்தியில் மூன்று விதமான இருக்கைகள் உருவாயின. ஆடுகளத்தின் ஓரத்தில் நின்று பயிற்சியாளரிடம் இரண்டு கேள்வி கேட்பவர் ஒருவர். மேசையில் உட்கார்ந்து ஆட்டத்தை அலசுபவர் இன்னொருவர். எந்த வீரர் எந்த அணிக்குப் போகிறார் என்பதை மற்றவர்களுக்கு முன்பே சொல்லும் ‘உள்தகவல்’ செய்தியாளர் மூன்றாமவர். பெண்கள் பெருமளவில் எடுக்கப்பட்டது முதல் இடத்துக்கு. அங்கே நாற்காலியே கிடையாது, நின்றுகொண்டுதான் பேச வேண்டும். கருத்துச் சொல்லும் இருக்கையும், பெரும் பணம் புரளும் மூன்றாவது இருக்கையும் ஆண்களிடம் இருந்தன.

டோரிஸ் பர்க்கின் வாழ்க்கை இதற்குச் சான்று. பிராவிடன்ஸ் கல்லூரி அணியில் ஆட்டத்தை நடத்திச் செல்லும் இடத்தில் ஆடியவர். அங்கேயே துணைப் பயிற்சியாளராக இருந்தார். திருமணம், குழந்தைகள் என்று யோசித்துப் பயிற்சியாளர் வாழ்க்கையை விட்டார். 1990இல் அதே கல்லூரிப் பெண்கள் அணியின் ஆட்டங்களுக்கு வர்ணனை சொல்லத் தொடங்கினார். 2009 முதல் 2019 வரை என்பிஏ இறுதிச் சுற்றுகளில் களத்தின் ஓரத்தில் நின்றார். 2017இல்தான் என்பிஏ ஆட்டங்களுக்கு நாடு தழுவிய ஒளிபரப்பில் முறையான அலசல் வர்ணனையாளர் ஆனார். அந்த இடத்தில் அவர் முதல் பெண். தொழிலுக்கு வந்து 27 ஆண்டுகள் ஆகியிருந்தன. 2024இல் என்பிஏ இறுதிச் சுற்றைத் தொலைக்காட்சியில் அலசிய முதல் பெண்ணும் அவரே.

அந்த 2023-24 பருவத்தில் பர்க்கின் பக்கத்து நாற்காலியில் என்ன நடந்தது என்று பாருங்கள். அவரோடு சேர்க்கப்பட்ட டாக் ரிவர்ஸ் பருவத்தின் நடுவிலேயே, 2024 ஜனவரியில், மில்வாக்கி அணியின் பயிற்சியாளராகப் போய்விட்டார். அந்த இடத்துக்கு வந்த ஜே.ஜே. ரெடிக் இறுதிச் சுற்று முடிந்த கையோடு லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸின் பயிற்சியாளரானார். அவர்களுக்கு அந்த நாற்காலி ரயில் வரும்வரை உட்காரும் பெஞ்சு. பர்க்குக்கு அது 34 ஆண்டு நடந்து வந்து சேர்ந்த ஊர். அடுத்த ஆண்டு இறுதிச் சுற்றையும் அவர் வர்ணித்தார். பிறகு 2025இல் அவரை முதன்மைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டு டிம் லெக்லரை அமர்த்தினார்கள். பர்க்கின் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது, வேலை போகவில்லை. நாற்காலி போனது.

மூன்றாவது இருக்கையின் கதை இன்னும் தெளிவு. ஏட்ரியன் வோய்னரோவ்ஸ்கி யாஹூவிலிருந்து 2017இல் இஎஸ்பிஎனுக்குப் போனார். யாஹூவில் இருந்தபோது, கல்லூரி மாணவராக இருந்த ஷம்ஸ் சரானியாவைக் கண்டெடுத்துத் தன் குழுவில் சேர்த்துக்கொண்டவர் அவர். பின்னாளில் இருவரும் போட்டியாளர்கள் ஆனார்கள். 2024 செப்டம்பரில் வோய்னரோவ்ஸ்கி, ஆண்டுக்குப் பல மில்லியன் டாலர் பெறும் ஒப்பந்தத்தை நடுவில் விட்டுவிட்டு, தான் படித்த செயிண்ட் பொனவென்சர் பல்கலைக்கழக அணியின் பொது மேலாளராகப் போனார். அடுத்த மாதமே அந்த இடத்துக்கு சரானியா வந்தார். செய்தியாளர் வேலையிலிருந்து அணி நிர்வாகத்துக்கு ஒரு பாதையும் இருக்கிறது. இஎஸ்பிஎனின் ஜான் ஹாலிங்கர் 2012இல் மெம்ஃபிஸ் அணிக்கும், ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டடின் லீ ஜென்கின்ஸ் 2018இல் லாஸ் ஏஞ்சல்ஸ் கிளிப்பர்ஸ் அணிக்கும் அவ்வழியே போனார்கள். இவர்களின் திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஓர் ஆண் தனக்குப் பின்னால் வரும் இளைஞனைப் பார்த்து ‘இவன் என்னைப் போலவே இருக்கிறான்’ என்று சொல்வதற்கும் அவனை வேலைக்குச் சேர்ப்பதற்கும் இடையில் எந்தக் கதவும் இல்லை. அந்த வாக்கியத்தைப் பெண்ணைப் பார்த்துச் சொல்ல மேலே ஒரு பெண் இருந்தாக வேண்டும். மத்திய புளோரிடா பல்கலைக்கழகத்தினர் அமெரிக்க விளையாட்டு ஊடகங்களைப் பற்றி வெளியிட்ட 2021ஆம் ஆண்டு அறிக்கையிலும், விளையாட்டுப் பிரிவு ஆசிரியர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஆண்கள்.

ஒரு நாற்காலி, இரண்டு பெண்கள்

நாற்காலிகள் குறைவாக இருந்தால் என்ன நடக்கும் என்பதை அதே 2021 காட்டியது. இஎஸ்பிஎனில் ரேச்சல் நிக்கல்ஸ் என்ற வெள்ளையினப் பெண் 2016 முதல் நாள்தோறும் ஒரு கூடைப்பந்து நிகழ்ச்சியை நடத்திவந்தார். மரியா டெய்லர் என்ற கறுப்பினப் பெண் ஆட்டத்துக்கு முந்தைய நிகழ்ச்சியை நடத்தினார். 2020இல், பெருந்தொற்றுக் காலத்தில், இறுதிச் சுற்றுக்கான நிகழ்ச்சி டெய்லருக்குத் தரப்பட்டது. தனக்கு ஒப்பந்தத்திலேயே எழுதித் தரப்பட்ட இடம் என்று நினைத்த நிக்கல்ஸ், விடுதி அறையிலிருந்து ஒருவரிடம் தொலைபேசியில் குமுறினார். பன்முகத்தன்மையில் நிறுவனத்தின் வரலாறு மோசம், அந்த அழுத்தத்தால் டெய்லருக்குக் கொடுக்கிறார்கள், அதைச் சரிசெய்ய வேறு எங்காவது தேடட்டும், என் இடத்தை எடுக்க வேண்டாம் என்பது அவர் பேச்சின் சாரம். அறையிலிருந்த கேமரா அணைக்கப்படவில்லை. பேச்சு நிறுவனத்தின் சர்வரில் பதிவாகியது. ஓராண்டு கழித்து, 2021 ஜூலையில், நியூயார்க் டைம்ஸ் இதை வெளியிட்டது.

நிக்கல்ஸ் மன்னிப்புக் கேட்டார். ஆனால் அவருடைய நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. டெய்லர் ஒப்பந்தம் முடிந்ததும் என்பிசிக்குப் போனார். அந்தக் காணொளியை டெய்லருக்கு அனுப்பியதாக நிர்வாகத்திடம் தானே ஒப்புக்கொண்ட ஓர் இளம் கறுப்பினப் பெண் ஊழியர் இரண்டு வாரம் சம்பளமில்லாமல் இடைநீக்கம் செய்யப்பட்டார். செய்தி வெளியான நாள்வரை இந்த விவகாரத்தில் தண்டிக்கப்பட்டதாகத் தெரிந்த ஒரே ஆள் அவர்.

நிக்கல்ஸின் பேச்சில் இருந்த வெள்ளைப் பார்வையை மன்னித்துவிட்டுப் போக முடியாது. பல ஆண்டு உழைப்பில் டெய்லர் பெற்ற இடத்தை ஒரு சலுகையாக அவர் சுருக்கினார். அதே சமயம், அவரையும் டெய்லரையும் எதிரெதிரே நிறுத்திவிட்டுக் கதையை முடித்துவிட்டால் நாம் ஏமாறுகிறோம். மேசையைச் சுற்றி எத்தனையோ ஆண்கள் உட்கார்ந்திருக்க, ‘என் இடம்’ என்று அவர் குறிப்பிட்டது இன்னொரு பெண் உட்கார்ந்த இடத்தை மட்டும்தான். டெய்லர் தன் இடத்தை எடுத்துக்கொண்டார் என்று அவர் நினைத்தார். அந்த ஆண்களில் யாரும் எடுத்துக்கொண்டதாக நினைக்கவில்லை. பெண்ணுக்கு என்று ஒரு நாற்காலியை மட்டும் போட்டுவைக்கும் நிறுவனம், காவல்காரர் சம்பளத்தையும் மிச்சம் பிடிக்கிறது. உட்கார்ந்திருப்பவரே காவல் காத்துக்கொள்கிறார்.

அந்த ஆண்டு அக்டோபரில் நிக்கல்ஸின் நிகழ்ச்சிக்குப் பதிலாகத் தொடங்கிய நிகழ்ச்சி, நாளிதழ்களில் பயின்று வந்த மலிகா ஆண்ட்ரூஸ் என்ற இளம் கறுப்பினப் பெண்ணிடம் தரப்பட்டது. அவர் திறமையானவர், மகிழ்ச்சிதான். ஆனால் மூன்று பெண்களும் ஒரே நேரத்தில் அங்கே இருந்திருக்க முடியாதா என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது.

இரண்டாவது பெண்

2024இல் கெய்ட்லின் கிளார்க் பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்துக்கு வந்தார். அரங்குகள் நிரம்பின. இண்டியானாபோலிஸ் நாளிதழ் அவருடைய அணிக்கென்றே ஒரு முழுநேரச் செய்தியாளரை அமர்த்தியது. கிளார்க்கின் முதல் செய்தியாளர் சந்திப்பில், அதே பத்திரிகையின் மூத்த ஆண் பத்தியாளர் ஒருவர் கையால் இதயக் குறி காட்டி அவரிடம் வழிந்து பேசியதும், அதற்காக இரண்டு வாரம் இடைநீக்கம் செய்யப்பட்டதும் உலகம் அறிந்தது. ஒரு காணொளியைத் தோழிக்கு அனுப்பிய இளம்பெண்ணுக்கும் இரண்டு வாரம்தான் கிடைத்திருந்தது.

இன்னொரு பக்கம், ஜேன் கிராஸும் ராபின் ஹெர்மனும் வேலை பார்த்த நியூயார்க் டைம்ஸ் விளையாட்டுப் பிரிவு 2023இல் கலைக்கப்பட்டது. தான் விலைக்கு வாங்கிய தி அத்லெட்டிக் என்ற இணைய நிறுவனத்திடம் விளையாட்டுச் செய்தியை அந்தப் பத்திரிகை ஒப்படைத்துவிட்டது. வழக்குப் போட்டுத் திறந்த அறைகளே இப்போது இடிபடுகின்றன. பெண்களுக்கான வேலை பெருகுமா என்பது இனி எந்தப் புதிய அறை கட்டப்படுகிறது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவிகள் பொது அறிவுப் புத்தகத்திலிருந்து ‘முதல் பெண்’ பட்டியலை மனப்பாடம் செய்வதை வகுப்பில் பார்த்திருக்கிறேன். முதல் பெண் மருத்துவர், முதல் பெண் நீதிபதி, முதல் பெண் விமானி. இந்தக் கட்டுரையிலும் ‘முதல் பெண்’ என்று எத்தனை முறை எழுதிவிட்டேன் என்பதைத் திரும்பிப் படிக்கும்போதுதான் கவனித்தேன். 1946க்குப் பிறகும் முதல் பெண், 1975இல் முதல் பெண், 2010இல் முதல் பெண், 2024இலும் முதல் பெண். ஒரு தொழிலில் எண்பது ஆண்டுகளாக முதல் பெண்களே வந்துகொண்டிருக்கிறார்கள் என்றால், அவர்களைக் கொண்டாடிவிட்டு அந்தத் தொழிலைச் சும்மா விட்டுவிடக் கூடாது.

எந்தத் தேர்விலும் கேட்காத கேள்விகள் மூன்று உண்டு. இரண்டாவது பெண் யார்? அவர் எத்தனை ஆண்டு கழித்து வந்தார்? அவர் வந்தபோது முதல் பெண் அங்கே இருந்தாரா?

மூன்றாவது கேள்விக்கு ‘இருந்தார்’ என்று பதில் சொல்ல முடிகிற இடத்தில்தான் பெண்ணுக்கு உண்மையில் வேலை கிடைத்திருக்கிறது.